வாசகர் கேள்வி – பதில்: ஃப்ரேமா, டேபிளா?

வலைப்பக்க அமைப்பு பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். குறிகளின் (பக்கத்தின் பகுதிகளை வரையறுக்கும் எச்.டி.எம்.எல் டேக்குகளின்) பெயர்களைப் படிக்க வசதியாக ஒலிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். ஃபைலில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

எங்கள் பள்ளியின் வலைத்தளம் 2003-இல் ஃப்ரேம் போட்டுச் செய்தது. இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் உள்ளடக்கம். சுற்றறிக்கையின் லிங்க்கைப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முகப்புப் பக்கம்தான் திறக்கிறது. ஃப்ரேமை எடுத்துவிட்டு டேபிளுக்கு மாற்றிவிடலாமா?
— ஆசிரியை, தஞ்சாவூர்

ஃப்ரேமை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த இடத்தில் டேபிளை (அட்டவணை போடும் குறியை) கொண்டுவந்து வைக்காதீர்கள். ஏன் என்பதை மதுரைக் கேள்விக்கான பதிலில் சொல்லியிருக்கிறோம்.

ஃப்ரேம்செட் பக்கத்துக்கென்று சொந்தமாக எதுவும் கிடையாது. திரையை அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு தனி ஃபைலைக் காட்டுவதுதான் அதன் வேலை. மெனுவில் 'சுற்றறிக்கை' என்பதைத் தட்டினால் வலப்பக்க அறையில் இருக்கும் ஃபைல் மாறுகிறது. மேலே முகவரிப் பட்டையில் இருப்பதோ வெளிக்கூட்டின் முகவரி. அது மாறுவதே இல்லை. நீங்கள் நகலெடுத்து அனுப்பியது அந்தக் கூட்டின் முகவரியைத்தான். கூகுளில் தேடி வருகிறவருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. சுற்றறிக்கை ஃபைல் மட்டும் தனியாகத் திறக்கும். பள்ளியின் பெயர் இருக்காது, மெனு இருக்காது, முகப்புக்குப் போக வழியும் இருக்காது. அன்றைய பிரவுசரான நெட்ஸ்கேப் 2.0 இந்த வசதியைக் கொண்டுவந்தது 1996-இல். அதே ஆண்டிலேயே வலைப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கப் நீல்சன் வலை வடிவமைப்பின் பத்துப் பெரிய தவறுகள் என்று போட்ட பட்டியலில் ஃப்ரேம் முதலிடத்தில் இருந்தது. முகவரி அறுந்துபோவதுதான் அவர் சொன்ன காரணமும்.

அப்படியிருந்தும் ஏன் எல்லோரும் போட்டார்கள் என்றால், இரண்டு நல்ல காரணங்கள் இருந்தன. மெனுவை ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளலாம். டயல்-அப் காலத்தில் அதை ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் இன்று பொருட்டே இல்லை. முதல் காரணம் இன்னும் நியாயமானது, அதற்கு வேறு வழி இருக்கிறது.

உங்களுக்குச் சாதகமான செய்தி: வலப்பக்க அறையில் தோன்றும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஏற்கெனவே சொந்த முகவரி உண்டு. அந்தப் பெயர்களை மாற்றவே மாற்றாதீர்கள். கூகுளும் பழைய லிங்க்குகளும் அவற்றைத்தான் அறியும்.

முதலில் எல்லா ஃபைல்களின் எழுத்துக் குறியாக்கத்தையும் பாருங்கள். 2003-இல் செய்த தமிழ்த் தளம் என்றால் டிஸ்கி, டாப், டாம் போன்ற எழுத்துரு முறைகளில் ஒன்றில் இருக்க நல்ல வாய்ப்பு. ஃப்ரேமில் ஒவ்வோர் அறையும் தனிப் பக்கம் என்பதால் மெனு ஒரு குறியாக்கத்திலும் உள்ளடக்கம் வேறொன்றிலும் இருந்தாலும் ஓடிவிடும். ஒரே பக்கமாகச் சேர்த்த மறுகணம் ஒரு பாதி கிறுக்கலாகத் தெரியும். எனவே இணைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, யு.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். 'பி.ஓ.எம் இல்லாமல்' என்ற தேர்வும் முக்கியம். பி.ஓ.எம் என்பது ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் மூன்று பைட் அடையாளம். மெனு ஃபைலின் தலையில் அந்த மூன்று பைட் இருந்தால் பக்கத்தின் உச்சியில் காரணமே தெரியாத ஒரு வெற்றிடம் விழும்.

அடுத்து மெனு ஃபைலைத் திறந்து எச்.டி.எம்.எல், ஹெட், பாடி குறிகளை எல்லாம் நீக்கி, லிங்க் பட்டியலை மட்டும் நாவ் என்ற குறிக்குள் விடுங்கள். ஹெட் பகுதியில் 'பேஸ் டார்கெட்' என்று ஒரு வரியோ, லிங்க்குகளில் 'டார்கெட்=மெயின்' என்றோ இருக்கும். ஒன்று விடாமல் அழியுங்கள். அந்தப் பெயரில் ஃப்ரேம் இல்லாதபோது பிரவுசர் புதிதாக ஒரு டேபைத் திறந்து அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடும். "மாற்றிய பிறகு எந்த லிங்க்கைத் தட்டினாலும் புது டேப் வருகிறது" என்று எழுதுகிறவர்கள் பலருக்கும் காரணம் இந்த ஒரு வரிதான். லிங்க்குகளின் பாதையையும் சாய்கோட்டில் தொடங்குமாறு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உள் ஃபோல்டரில் இருக்கும் பக்கங்களிலிருந்து அவை தவறான இடத்துக்குப் போகும்.

இனி மெனுவை எல்லாப் பக்கங்களிலும் சேர்ப்பது. உங்கள் சர்வர் அப்பாச்சி என்றால் 'சர்வர் சைடு இன்க்ளூட்' (பக்கத்தை அனுப்பும்போதே சர்வர் இன்னொரு ஃபைலை உள்ளே சேர்க்கும் வசதி) போதும். டாட் எச்.டி.அக்சஸ் ஃபைலில் இரண்டு வரிகள்: 'ஆப்ஷன்ஸ் +இன்க்ளூட்ஸ்' ஒன்று, 'ஆட்அவுட்புட்ஃபில்டர் இன்க்ளூட்ஸ் .எச்டிஎம்எல்' மற்றொன்று. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் மெனு வர வேண்டிய இடத்தில், கமென்ட் குறிக்குள் '#இன்க்ளூட் விர்ச்சுவல்' என எழுதி மெனு ஃபைலின் பாதையைத் தாருங்கள். கமென்ட்டின் இரு கோடுகளுக்கும் # குறிக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை செய்யாது. பி.எச்.பி-யின் இன்க்ளூட்டும் இதையே செய்யும். ஆனால் ஃபைல் பெயர்கள் .பிஎச்பி என்று மாறினால் பழைய முகவரிகளுக்கு 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்னும்) திருப்பிவிடல் எழுத வேண்டிவரும்.

இரண்டு பத்தி (பக்கம் பக்கமாக நிற்கும் நெடுவரிசை) அமைப்புக்கு, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் கிரிட். மெனுவையும் உள்ளடக்கத்தையும் சுற்றி ஒரு டிவ் (வெறும் பெட்டிக் குறி) போட்டு, அதற்கு 'டிஸ்ப்ளே: கிரிட்', பத்திகளுக்கு 200 பிக்சல், மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று கொடுங்கள். வெறும் 1எஃப்ஆர் மட்டும் போட்டால் உள்ளே ஒரு பெரிய படம் வந்ததும் பத்தி பிதுங்கும். இந்த விதியை 700 பிக்சலுக்கு மேற்பட்ட திரைக்கு மட்டும் என்று மீடியா குவெரிக்குள் எழுதினால் ஃபோனில் தானாக ஒற்றைப் பத்தியாகிவிடும். கடைசியாக, ஃப்ரேம்செட் இருந்த இன்டெக்ஸ் ஃபைலைச் சாதாரண முகப்புப் பக்கமாக மாற்றுங்கள். அதையும் நீக்கிவிடாதீர்கள், பெற்றோர் கையில் ஏற்கெனவே இருப்பது அந்த முகவரிதான்.

எங்கள் பாடத்தில் ஃப்ரேம்செட் இருக்கிறது. புத்தகத்தில் உள்ளபடி எழுதினேன். பக்கம் வெள்ளையாகவே வருகிறது. பிரவுசர்கள் அதை நீக்கிவிட்டனவா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

நீக்கவில்லை. எச்.டி.எம்.எல் 4.0 (டிசம்பர் 1997) ஃப்ரேம்செட்டை ஏற்றது, எச்.டி.எம்.எல் 5 (அக்டோபர் 2014) அதைக் கைவிட்டது. பழைய தளங்களுக்காக பிரவுசர்கள் இன்னும் அதைக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

நீங்கள் ஃப்ரேம்செட்டை பாடி குறிக்குள் வைத்திருப்பீர்கள். ஃப்ரேம்செட் இருக்கும் பக்கத்தில் பாடியே கூடாது. ஹெட் முடிந்த உடனே ஃப்ரேம்செட் தொடங்க வேண்டும். முன்னால் ஒரு பாடி குறியோ, ஏதாவது எழுத்தோ வந்துவிட்டால் பிரவுசர் ஃப்ரேம்செட்டை மொத்தமாகப் புறக்கணித்துவிடும். பாடி குறி நோஃப்ரேம்ஸ் பகுதிக்குள் மட்டும் வரலாம்.

தேர்வுக்கு இன்னும் இரண்டு: கால்ஸ் பண்பில் '200,*' என்றால் முதல் அறைக்கு 200 பிக்சல், மிச்சம் எல்லாம் இரண்டாவதற்கு. லிங்க்கின் டார்கெட்டும் ஃப்ரேமின் நேமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஐடி கொடுத்தால் போதாது. வெளித்தளங்களுக்குப் போகும் லிங்க்குக்கு '_டாப்' கொடுக்காவிட்டால் அந்தத் தளம் உங்கள் அறைக்குள்ளேயே திறக்கப் பார்க்கும். தேர்வுக்குப் படியுங்கள், புதிய தளம் எதிலும் போடாதீர்கள்.

மென்பொருள் கையேடு ஒன்றை வலையில் ஏற்றுகிறோம். சுமார் 300 தலைப்புகள். இடப்பக்கப் பட்டியல் தனியாக உருள வேண்டும், கட்டுரை தனியாக உருள வேண்டும். இதற்காவது ஃப்ரேம் சரிதானே?
— தொழில்நுட்ப எழுத்தாளர், கோவை

ஃப்ரேமுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதங்களில் வலுவானது இதுதான். ஜாவா நிரல்மொழியின் ஏ.பி.ஐ. கையேடு பல ஆண்டுகள் மூன்று ஃப்ரேம்களில்தான் வந்தது. பிறகு அவர்களே தேடல் பெட்டியைச் சேர்த்து ஃப்ரேமை விட்டுவிட்டார்கள். 300 தலைப்பில் ஒன்றைக் கண்ணால் தேடுவதைவிட நான்கு எழுத்தைத் தட்டுவது விரைவு.

தனித்தனியாக உருள்வதற்கு சி.எஸ்.எஸ். போதும். பட்டியலுக்கு 'பொசிஷன்: ஸ்டிக்கி', 'டாப்: 0', 'மேக்ஸ்-ஹைட்: 100விஎச்', 'ஓவர்ஃப்ளோ: ஆட்டோ'. இப்படிச் செய்தும் ஒட்டவில்லை என்றால் இரண்டு இடங்களில் பாருங்கள். வெளியே சுற்றியிருக்கும் ஏதாவது ஒரு டிவ்வுக்கு 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' இருந்தால் ஸ்டிக்கி பக்கத்தோடு ஒட்டாது, அந்த டிவ்வோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நகர்ந்துவிடும். கிரிட்டுக்குள் இருந்தால் 'அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட்' சேருங்கள். பெட்டி வரிசையின் முழு உயரத்துக்கும் நீண்டிருந்தால் நகர இடம் இருக்காது.

ஒரு நுட்பமான குறை மிஞ்சும். ஃப்ரேமில் பட்டியல் விட்ட இடத்திலேயே நிற்கும். இங்கே ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் அது உச்சிக்குப் போய்விடும். நடப்புத் தலைப்பின் லிங்க்கில் 'ஏரியா-கரன்ட்=பேஜ்' என்று குறித்து, பக்கம் திறந்ததும் பட்டியலை அந்த இடத்துக்கு உருட்ட இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுங்கள். வாசகர் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஃப்ரேமில் இருந்ததைவிடத் தெளிவாகப் பார்ப்பார்.

எங்கள் சங்கத்தின் தளம் டேபிளில் கட்டியது. 760 பிக்சல் அகலம். ஃபோனில் எழுத்து எறும்பு மாதிரித் தெரிகிறது. வ்யூபோர்ட் வரியைச் சேர்த்தேன். இப்போது பக்கம் வலப்பக்கம் ஓடுகிறது. முழுவதும் திருப்பிக் கட்ட ஆள் இல்லை. தற்காலிகமாக ஏதாவது செய்ய முடியுமா?
— சங்கச் செயலாளர், மதுரை

முடியும், முக்கால் நாள் வேலை.

நடந்தது இதுதான். 760 என்பது 800க்கு 600 திரையில் உருள்பட்டை போக மிஞ்சிய அகலம். வ்யூபோர்ட் வரி (ஃபோனின் உண்மையான அகலத்தில் வரையச் சொல்லும் வரி) இல்லாதபோது ஃபோன் தன்னை அகலமான திரையாகப் பாவித்துக்கொள்கிறது. ஐஃபோன் சஃபாரியில் அது 980 பிக்சல். அந்த அகலத்தில் பக்கத்தை வரைந்து மொத்தத்தையும் சுருக்கிக் காட்டுகிறது. நீங்கள் வரியைச் சேர்த்ததும் உண்மையான 360, 390 பிக்சலுக்கு வந்துவிட்டது. டேபிள் மட்டும் 760-ஐ விட்டுக்கொடுக்கவில்லை. வரியை எடுத்துவிடாதீர்கள், நீங்கள் செய்தது சரி.

வெளி டேபிளுக்கு 'தளம்' என்ற பொருளில் ஒரு கிளாஸ் பெயர் கொடுங்கள். மீடியா குவெரியில் 700 பிக்சலுக்குக் கீழே என்று போட்டு, அந்த டேபிள், அதன் டிபாடி (உடல்), டிஆர் (வரிசை), டிடி (அறை) நான்குக்கும் 'டிஸ்ப்ளே: பிளாக்', 'விட்த்: ஆட்டோ' எழுதுங்கள். அறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துவிடும். இரண்டு இடத்தில் கை தடுக்கும். சங்க உறுப்பினர் பட்டியல் போன்ற உள் டேபிள்களையும் இந்த விதி கலைத்துவிடக் கூடாது என்பதால் '>' குறி போட்டு நேரடிப் பிள்ளைகளை மட்டும் பிடிக்க வேண்டும். அப்போது 'டேபிள் > டிஆர்' என்று எழுதினால் எதுவும் நடக்காது. நீங்கள் எழுதாவிட்டாலும் பிரவுசர் நடுவில் ஒரு டிபாடியைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. 'டேபிள் > டிபாடி > டிஆர் > டிடி' என்று முழுப் பாதையையும் எழுதுங்கள்.

இன்னொன்று அகலம். டிடி-யின் விட்த் பண்பில் 160 என்று இருந்தால் சி.எஸ்.எஸ். அதைச் சாதாரணமாகவே வென்றுவிடும். ஸ்டைல் பண்புக்குள் இருந்தால்தான் '!இம்பார்ட்டன்ட்' தேவை. பழைய தளங்களில் அறைகளை முட்டுக்கொடுத்து நிறுத்த ஒரு பிக்சல் வெற்றுப் படத்தை 160, 600 என்று இழுத்து வைத்திருப்பார்கள். அவற்றையும் தேடி மறைத்துவிடுங்கள். ஒன்று மிஞ்சினாலும் பக்கம் மறுபடி வலப்பக்கம் ஓடும்.

இவ்வளவும் முடிந்த பின் ஃபோனில் முதலில் நாற்பது மெனு லிங்க், அதற்குக் கீழே செய்தி என்று வரும். கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பானில் இத்தனை வருடங்களாக உங்கள் தளத்தை இந்த வரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நாற்பதைக் கடந்த பிறகே செய்தி. டேபிளை அமைப்புக்குப் போடக் கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். கண்ணுக்கு இடது வலது என்று தெரிவது, படிக்கும் வரிசையில் முன் பின் ஆகிவிடுகிறது. இப்போதைக்கு வெளி டிஆர்-க்கு பிளாக்குக்குப் பதில் 'ஃப்ளெக்ஸ்', 'ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷன்: காலம்' கொடுத்து, மெனு டிடி-க்கு 'ஆர்டர்: 2' என்றால் ஃபோனில் செய்தி மேலே வரும். ஆனால் இது கண்ணுக்கு மட்டும்தான். திரைவாசிப்பானுக்கு வேண்டியது பக்கத்தின் தொடக்கத்தில் 'நேரே செய்திக்கு' என்று ஒரு லிங்க், வெளி டேபிளுக்கு 'ரோல்=பிரசன்டேஷன்' (இது அமைப்புக்கான டேபிள், உண்மையான அட்டவணை அல்ல என்ற குறிப்பு). இரண்டும் ஐந்து நிமிட வேலை. தயவுசெய்து முதலில் அதைச் செய்யுங்கள்.

டேபிளில் இடப் பத்தி 150 பிக்சல் என்று கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சரியாக நிற்கிறது. அதையே தமிழில் போட்டால் 210 வரை விரிகிறது. எழுத்துருவின் கோளாறா?
— வாசகர், யாழ்ப்பாணம்

எழுத்துரு மேல் பழி இல்லை. டேபிளின் அகலக் கணக்கே அப்படி. அறையில் உள்ள மிக நீண்ட பிரிக்க முடியாத சொல் எவ்வளவு அகலமோ, அதற்குக் கீழே அந்தப் பத்தி சுருங்காது. நீங்கள் கொடுத்த 150 வெறும் வேண்டுகோள்தான். ஆங்கில மெனுவில் பெரிய சொல் பத்துப் பன்னிரண்டு எழுத்தில் முடிந்துவிடும். 'ஒருங்கிணைப்பாளர்களுக்கான' என்று நாம் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம், நடுவில் இடைவெளி கிடையாது.

பலரும் 'ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வர்ட்' போட்டுப் பார்த்து, பலனில்லை என்பார்கள். அது சொல்லை உடைக்கும். ஆனால் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் பத்தி முதலிலேயே விரிந்துவிடுகிறது, உடைக்கத் தேவையே வருவதில்லை. அந்த இடத்தில் 'எனிவேர்' என்ற மதிப்பைக் கொடுங்கள். அது கணக்கிலும் சேரும். அல்லது டேபிளுக்கு 'டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்டு' கொடுத்து, டேபிளின் மொத்த அகலத்தையும் முதல் வரிசையின் அறை அகலங்களையும் எழுதிவிடுங்கள். அப்போது பிரவுசர் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் முதல் வரிசையை மட்டும் வைத்து அளவெடுக்கும். பெரிய டேபிள் சீக்கிரம் தோன்றும் என்பது கூடுதல் லாபம்.

கண்ட இடத்தில் உடைந்த தமிழ்ச் சொல் படிக்க நன்றாக இருக்காது. தலைப்புகளில் நீங்களே பகுதி பார்த்து உடையுங்கள். 'ஒருங்கிணைப்பாளர்' என்பதற்கும் 'களுக்கான' என்பதற்கும் நடுவே டபிள்யூபிஆர் குறி ஒன்று வைத்தால், தேவைப்பட்டால் மட்டும் அங்கே பிரியும்.

படத்தைத் துண்டுகளாக வெட்டி டேபிளில் அடுக்கிய பழைய முகப்பு. டாக்டைப் வரியை எச்.டி.எம்.எல் 5-க்கு மாற்றியதும் துண்டுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் வந்துவிட்டன. ஏன்?
— வாசகர், சேலம்

டாக்டைப் என்பது பக்கம் எந்த எச்.டி.எம்.எல் பதிப்பில் எழுதப்பட்டது என்று சொல்லும் முதல் வரி. பழைய டாக்டைப்பில் பிரவுசர் பழங்காலப் பழக்கத்தோடு நடந்துகொண்டது. புதியதில் விதிப்படி நடக்கிறது. விதிப்படி படம் என்பது வரியில் உட்காரும் ஓர் எழுத்து. 'கு', 'ழு' போன்ற எழுத்துகளின் வால் இறங்க அடியில் சில பிக்சல் இடம் விடுவார்கள் அல்லவா, அந்த இடம்தான் உங்கள் வெள்ளைக் கோடு. படங்களுக்கு 'டிஸ்ப்ளே: பிளாக்' கொடுங்கள், போய்விடும். கோடு செங்குத்தாகவும் இருந்தால் செல்பேடிங், செல்ஸ்பேசிங் இரண்டையும் 0 ஆக்குங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் முதலாவது 1, அடுத்தது 2 பிக்சல்.

மாதாந்தரச் செய்திமடலை மின்னஞ்சலில் அனுப்புகிறோம். டேபிள் கூடாது என்று எங்கும் சொல்கிறார்கள். கிரிட்டில் அமைத்தேன். ஜிமெயிலில் பரவாயில்லை, பல அலுவலகங்களில் அவுட்லுக்கில் திறந்தால் எல்லாம் சரிந்துகிடக்கிறது.
— செய்திமடல் பொறுப்பாளர், சென்னை

மின்னஞ்சல் தனி உலகம். அங்கே டேபிள்தான் சரி.

விண்டோஸுக்கான அவுட்லுக் 2007 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் வேர்டின் இயந்திரத்தைக் கொண்டு அஞ்சலை வரைகிறது. வேர்டுக்கு டேபிள் நன்றாகத் தெரியும். கிரிட், ஃப்ளெக்ஸ் தெரியாது. டிவ்வின் பேடிங்கும் மேக்ஸ்-விட்த்தும்கூட அதனிடம் எடுபடாது. வலை இயந்திரத்தில் ஓடும் புதிய அவுட்லுக் வந்துவிட்டது. ஆனால் பழையது இன்னும் எத்தனையோ அலுவலக மேசைகளில் இருக்கிறது.

அமைப்பு இப்படி: வெளியே 100% அகலத்தில் ஒரு டேபிள், அதற்குள் நடுவில் 600 பிக்சலில் ஒரு டேபிள். இரண்டுக்கும் பார்டர், செல்பேடிங், செல்ஸ்பேசிங் 0, 'ரோல்=பிரசன்டேஷன்'. உள்ளே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை; இடைவெளி வேண்டிய இடத்தில் டிடி-க்குப் பேடிங். எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் அந்தந்த டிடி-யின் ஸ்டைல் பண்பிலேயே. வெளியில் ஒருமுறை சொன்னால் உள்ளே இறங்கிவரும் என்று நம்பாதீர்கள். படத்துக்கு சி.எஸ்.எஸ். அகலம் மட்டும் போதாது, விட்த் பண்பிலும் எண்ணை எழுதுங்கள். இல்லையென்றால் 1200 பிக்சல் படம் 1200 பிக்சலாகவே விரியும். படங்கள் தடுக்கப்பட்டிருந்தாலும் செய்தி புரியும்படி ஆல்ட் (படத்துக்குப் பதிலாகத் தெரியும் சொற்கள்) எழுதுங்கள். முழு மடலையும் ஒரே படமாக அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

தமிழ் மடலுக்கு மட்டும் உள்ள ஓர் எச்சரிக்கை. எச்.டி.எம்.எல் அளவு 102 கே.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி, 'முழு அஞ்சலையும் காண்க' என்று ஒரு லிங்க்கைப் போட்டுவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் யு.டி.எஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'க' மூன்று பைட்; 'கி' ஆறு. நாலைந்து கட்டுரைகளை முழுசாக வைத்து, ஒவ்வொரு டிடி-யிலும் ஸ்டைலை நீட்டி எழுதினால் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். வெட்டுப்படுவது எப்போதும் அடிப்பகுதி. சந்தாவை விலக்கும் லிங்க் அங்கேதான் இருக்கும். கட்டுரையின் முதல் பத்தியை மட்டும் மடலில் வைத்து, மிச்சத்தைத் தளத்துக்குக் கொடுங்கள். எச்.டி.எம்.எல் ஃபைல் 80 கே.பி.க்குள் நின்றால் நிம்மதி.

ஐஃப்ரேமும் ஃப்ரேம்தானே? அதையும் விட்டுவிட வேண்டுமா? இன்னொரு சந்தேகம்: ஓர் அரசுத் தளத்தை ஐஃப்ரேமில் வைத்தால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வருகிறது.
— இணைய மையம் நடத்துபவர், திருநெல்வேலி

பெயர்தான் ஒன்று. ஃப்ரேம்செட் பக்கத்தையே விழுங்கிவிடும். ஐஃப்ரேம் உங்கள் பக்கத்துக்குள் ஒரு ஜன்னல். பக்கத்தின் முகவரி உங்களுடையதாகவே நிற்கும். யூடியூப் வீடியோ, வரைபடம், கட்டணப் படிவம் போன்ற அடுத்தவர் வீட்டுப் பொருளைக் காட்ட அதுவே சரியான கருவி. உங்கள் சொந்தப் பக்கங்களை ஐஃப்ரேமில் போட்டு மெனுவால் மாற்றிக்கொண்டிருந்தால் மட்டும் பழைய ஃப்ரேம் நோய் அத்தனையும் திரும்பி வரும்.

மறுப்புக்குக் காரணம் அந்தத் தளமே. தன்னைப் பிறர் ஜன்னலில் காட்டக் கூடாது என்று 'எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ்' என்ற தலைப்புவரியையோ, 'ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ்' கட்டளை உள்ள தலைப்புவரியையோ பக்கத்தோடு சேர்த்து அது அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேமை ஒரு பொத்தானின் மேல் வைத்து, பயனர் அறியாமல் வேறு எதையோ அழுத்தவைக்கும் மோசடி உண்டு. அதற்கான காப்பு இது. உங்கள் பக்கத்திலிருந்து இதை மாற்ற வழியில்லை, சுற்றுவழி தேடவும் கூடாது. லிங்க் கொடுத்துவிடுங்கள்.

வைக்கிற ஐஃப்ரேமுக்கு டைட்டில் எழுதுங்கள், திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். வீடியோவுக்கு விட்த் 100%, 'ஆஸ்பெக்ட்-ரேஷியோ: 16 / 9'. கீழே இருப்பவற்றுக்கு 'லோடிங்=லேசி' (வாசகர் அருகே வரும்போது மட்டும் இறங்கும்). நம்பிக்கை குறைந்த இடத்திலிருந்து வருவதற்கு சாண்ட்பாக்ஸ் (அது செய்யக்கூடியவற்றைக் கட்டுப்படுத்தும் பண்பு).

டேபிளே தவறு என்று படித்துவிட்டு, எங்கள் கடை விலைப்பட்டியலை டிவ்களால் அமைத்தேன். 4 பத்தி, 60 வரிசை. ஒரு வரிசையில் பெயர் நீண்டால் விலை அடுத்த வரிசையோடு கலந்துவிடுகிறது. என்ன செய்வது?
— வன்பொருள் கடைக்காரர், ஈரோடு

டேபிளுக்கே திரும்புங்கள். உங்கள் விலைப்பட்டியல் உண்மையிலேயே ஓர் அட்டவணை. எந்தப் பொருள், எந்த அளவு, என்ன விலை என்பது வரிசையும் பத்தியும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. டேபிள் பிறந்ததே அதற்காக. டிவ்வால் செய்தால் அந்த உறவு கண்ணுக்கு மட்டும் இருக்கும். திரைவாசிப்பானுக்கு 240 தொடர்பற்ற சொற்கள்தான்.

கேப்ஷனில் 'பி.வி.சி. குழாய் விலை' என்பது போலத் தலைப்பும், விலை எந்தத் தேதியிலிருந்து என்பதும். மேல் வரிசையை டிஹெட்டில் வைத்து, டிடி-க்குப் பதில் டிஎச், 'ஸ்கோப்=கால்'. ஒவ்வொரு வரிசையிலும் பொருளின் பெயரும் டிஎச்தான், 'ஸ்கோப்=ரோ'. இவை இருந்தால் விலை அறைக்கு வந்ததும் திரைவாசிப்பான் 'முக்கால் அங்குல எல்போ, விலை' என்று சேர்த்துப் படிக்கும். விலைப் பத்தியை வலப்பக்கம் ஒட்டி, 'ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்: டேபுலர்-நம்ஸ்' கொடுங்கள், எழுத்துருவில் அந்த வசதி இருந்தால் இலக்கங்கள் ஒன்றின்கீழ் ஒன்று நிற்கும். நடுவில் அறைகளை ரோஸ்பானால் இணைத்து 'மேற்படி' காட்ட வேண்டாம். வரிசைப்படுத்தும் வசதியைப் பிறகு சேர்க்கும்போது அதுதான் முதலில் உடையும்.

ஃபோனுக்காக டேபிளைச் சுற்றி ஒரு டிவ், அதற்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ', 'டேப்இன்டெக்ஸ்=0'. பட்டியல் மட்டும் பக்கவாட்டில் உருளும், பக்கம் அசையாது. விசைப்பலகையால் நகர்த்துகிறவருக்கும் கை எட்டும். பொருள் பெயர்ப் பத்திக்கு 'பொசிஷன்: ஸ்டிக்கி', 'லெஃப்ட்: 0' கொடுத்து, பின்னணி நிறத்தையும் சேர்த்துவிடுங்கள். நிறம் இல்லாவிட்டால் அடியில் ஓடும் விலைகள் பெயருக்குள் தெரியும்.